மீதிக் காற்றுக்கு ஒரு போட்டி

நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பத்துப் பேருக்கு இதை எழுதுகிறேன். பதினொரு பேர் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். பட்டியலை எண்ணினால் பத்துப் பெயர்தான் இருந்தது. விசாரித்தேன். ஒருவர் போன வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டாராம். ஆள் கணக்கில் இப்படி அசட்டையாக இருக்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்குள் ஆளை அனுப்பும் தொழில் இது.

நான் டைவர் இல்லை. கணிதம் படித்தவன். நீச்சல்கூட சுமார்தான். இருபத்தெட்டு ஆண்டுகள் கரையில் நின்று கயிறு பிடித்தேன். உள்ளே போனவர் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மீட்டர் கயிறு போயிருக்கிறது, சிலிண்டரில் காற்று எவ்வளவு, எப்போது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. எப்படி மூழ்குவது, எப்படி மேலே வருவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குத்தான் பயிற்சி வாங்கியிருக்கிறீர்கள். நான் எழுத வந்தது இரண்டு பேரைப் பற்றி. அவர்களைப் போலத் தண்ணீருக்குள் வேலை செய்தவர்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவரை நான் ஏறக்குறைய இழந்திருப்பேன். காரணம், நான் நன்றாக எண்ணியதுதான்.

முதலாமவன் தேவராஜ். பூந்தமல்லிக்காரன். நூம்பல் பக்கத்துக் கிணறுகளில் குதித்துக் குதித்து வளர்ந்தவன். அவனுக்குக் கண்ணே விரல் நுனியில் இருந்தது என்பேன். ஒருமுறை ஆவடிப் பக்கம் ஓர் ஏரி மதகு. உள்ளே முகத்துக்கு நேரே கை வைத்தாலும் தெரியாத சேறு. ஏழு நிமிடம் தடவிவிட்டு மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினான். "பதினாறு போல்ட்டு நைனா. மூணு காணோம். ஒண்ணு மட்டும் புச்சு, மத்ததெல்லாம் பழசு" என்றான். தண்ணீரை இறைத்த பிறகு நான் போய் எண்ணினேன். பதின்மூன்று இருந்தன. அதில் ஒன்று புதிது.

இரண்டாமவன் அந்தோணி. தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவன் குவார்ட்டர்ஸில் வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. முறையாகப் பயிற்சி பெற்று, வெளிநாட்டில் நீருக்கடியில் உள்ள குகைகளுக்குள் போகவும் படித்துவிட்டு வந்தவன். அவன் நீந்துவதைப் பார்க்க வேண்டும். நாமெல்லாம் போனால் அடியிலுள்ள சகதி கிளம்பிப் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தோணி போன வழியில் தண்ணீர் கலங்கவே கலங்காது. அடியில் கிடக்கும் இலைகூட அசையாது. தேவராஜே ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: "அவன் போறப்ப தண்ணிக்கே தெரியாது நைனா." அந்தோணியின் காதில் விழும்படி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

இருவருக்கும் போட்டி. யார் பெரியவன் என்று வாயால் பேச மாட்டார்கள். எல்லாம் என் கரும்பலகையில்தான்.

அந்தப் பலகை பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியின் பின்கதவில் உட்புறமாக ஒரு சிறிய கரும்பலகை மாட்டியிருந்தேன். ஒவ்வொருவரும் மேலே வந்ததும், சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று பார்த்து, ஆழத்தாலும் நேரத்தாலும் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று செலவழித்தார் என்று எழுதுவேன். அடுத்த வேலைக்குத் திட்டம் போட அது தேவை. குறைவாகச் செலவழிப்பவர் உள்ளே அதிக நேரம் இருக்கலாம். அவ்வளவுதான் என் நோக்கம். ஆனால் எண்களை மேலும் கீழுமாக எழுதினால் மனிதர்கள் அதில் முதலிடத்தைத் தேடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் இருவரும் தேடினார்கள். தங்களுக்குள் ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு யாருக்கு எண் அதிகமோ, அவர் மற்றவருடைய சிலிண்டர்களையும் சேர்த்து வண்டிவரை சுமக்க வேண்டும்.

"இன்னா மாமே, காத்தாடி மாதிரி வுட்டுகினு வந்துக்கீறே? தூக்கு, தூக்கு" என்பான் தேவராஜ்.

"சேத்து வச்ச காத்த வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போற? இன்னைக்குச் சிரிலே. நாளைக்கு நீதான் தூக்கணும்" என்பான் அந்தோணி.

எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பதின்மூன்று, பதின்மூன்றரை என்று இருவரும் நெருங்கி வரும்போது நான் தசம எண் வரை கணக்குப் போட்டேன். வெறும் புள்ளி இரண்டில் ஒருவன் தோற்றான் என்றால் மறுநாள் முழுக்க அதைப் பற்றிய பேச்சுதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தப் போட்டிக்கு நடுவர் நான்தான்.

நடந்தது ஒரு கோடையில். நம் பக்கத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அப்படி இரண்டு பள்ளங்கள் அடுத்தடுத்து. நடுவே பாறைச்சுவர். அந்தச் சுவருக்கு அடியில், தண்ணீர் மட்டத்திலிருந்து பதினான்கு மீட்டர் கீழே, ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பழைய குழாய்ப்பாதை. நான்கடி அகலம், முப்பத்தெட்டு மீட்டர் நீளம், பாதியில் ஒரு வளைவு. இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் பம்பு வைத்துக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் எடுத்தார்கள். அது இறங்கிக்கொண்டே போயிற்று. அடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் குழாய்ப்பாதையின் கடைசியில் இருந்த இரும்புக் கிராதி, குப்பையும் துணியுமாக அடைத்துக் கிடந்தது. அதை அறுத்து எடுத்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடும். லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடம் வைத்துக் காத்திருந்த நாட்கள். குடிநீர்ப் பிரிவு அதிகாரி ஒருவர் காலையிலிருந்தே குவாரி மேட்டில் குடையுடன் நின்றார்.

அந்தக் குழாய்க்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். மேலே கூரை, திடீரென்று ஏறி வர முடியாது. வந்த வழியே திரும்பினால்தான் வெளிச்சம். அதனால் மூன்றில் ஒரு பங்கு காற்று போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடவே கூடாது என்பது விதி. இடுப்பில் என் கயிறு. நான் ஒருமுறை இழுத்தால் "சரியா?" என்று பொருள். அவர் ஒருமுறை இழுத்தால் "சரி". மூன்று இழுப்பு என்றால் "வெளியே வருகிறேன்".

முதல் நாள் அந்தோணி போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தான். பலகையில் பன்னிரண்டு புள்ளி நான்கு. அவன் வாழ்க்கையிலேயே குறைந்த எண். அடுத்துப் போய் வந்த தேவராஜுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு. அன்று தேவராஜ் இரண்டு பேருடைய சிலிண்டர்களையும் சுமந்துகொண்டு குவாரிப் படிகளை ஏறினான். நூற்றுப் பன்னிரண்டு படிகள். பாதியில் நின்று, "நாளிக்கு பாருடா" என்றான். ஏறி முடித்ததும் என்னிடம் வந்து, "நைனா, தல நோவுது, மாத்திர கீதா?" என்று கேட்டான். கொடுத்தேன். கொடுத்ததைக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தேன். அந்த மாதத்தில் அது ஐந்தாவது மாத்திரை.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு தேவராஜ் உள்ளே போனான். அந்தோணி முழு உடையுடன் கரையில், தேவைப்பட்டால் இறங்கத் தயாராக. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் கயிற்றை இழுத்தேன். இழுத்து முடிப்பதற்குள் பதில் வந்தது. பத்தாவது நிமிடம்வரை அப்படித்தான். பிறகு பதில் வர இரண்டு விநாடி. அடுத்து நான்கு. அடுத்து ஏழு. கிராதியில் வேலையாக இருக்கிறான், கை ஒழியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்திரண்டாவது நிமிடம் பதில் வரப் பதினொரு விநாடி ஆயிற்று. கொசு உட்கார்ந்த மாதிரி ஓர் இழுப்பு. இருபத்து நான்காவது நிமிடம் பதிலே இல்லை.

என் முதல் எண்ணம் கயிற்றை இழுப்பது. இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

"இழுக்காதீங்க சார்!" அந்தோணி என் மணிக்கட்டைப் பற்றினான். "வளைவுல கயிறு மூலைக்குள்ள போயிரும். அப்புறம் அவனும் வர முடியாது, நானும் போக முடியாது. அப்படியே பிடிச்சுட்டு நில்லுங்க. தொய்ய விடாதீங்க. நான் அதைப் பிடிச்சுட்டே போறேன்."

"சீக்கிரம் போப்பா!"

அவன் போகவில்லை. தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு தன் காற்று அளவைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடி நிதானமாக மூச்சு விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. கைக்கடிகாரத்தில் இருபது விநாடி. அந்த இருபது விநாடியும் நான் அவனை மனதுக்குள் திட்டினேன். மேட்டிலிருந்து அதிகாரி வேறு, "என்ன சார், ஏன் நிக்கிறார்?" என்று கத்தினார். அதன் பிறகே அந்தோணி இறங்கினான்.

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. அவசரமான வேளையில் நிதானத்தை எத்தனையோ பேர் வாயால் பேசிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அந்த இருபது விநாடிதான். பதறிக்கொண்டு போயிருந்தால் உள்ளே மூச்சு வாங்க இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.

உள்ளே நடந்ததை அவன் பிறகு சொன்னான். வளைவு தாண்டியதும் ஒன்றும் தெரியவில்லை. முழுக்கச் சகதி. கயிறு ஒன்றுதான் வழி. கிராதிக்கு அருகே தேவராஜ் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். மயக்கம் இல்லை, ஆனால் நாய் இரைப்பதைப் போல மூச்சு. வாயிலிருந்த ரெகுலேட்டரைத் தானே பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் காற்று வரவில்லை என்று நினைத்து. அந்தோணி ஓர் உள்ளங்கையால் அதை வாயோடு அழுத்திப் பிடித்தான். இன்னொரு கையால் தேவராஜின் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். இருட்டில் பேச முடியாது, சைகை காட்ட முடியாது. தன் நெஞ்சு மெதுவாக எழும்பி அடங்குவதை அவன் கைக்குத் தெரியவைத்தான். தேவராஜ் இரண்டு முறை அடித்தான், ஒருமுறை உதைத்தான். அந்தோணி கையை விடவில்லை. மெல்ல மெல்ல அந்த மூச்சு இந்த மூச்சோடு சேர்ந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மூன்று இழுப்பு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாய்விட்டு எண்ணினேனாம். அதிகாரி பிறகு சொன்னார்.

தேவராஜைக் கரையில் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். கை பழக்கத்தில் அவன் சிலிண்டரின் அளவைப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவ்வளவு காற்றையும் முதுகில் வைத்துக்கொண்டு ஒருவன் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறான்.

"இன்னாடா பண்ணே உள்ளே?" என்றேன். பதற்றத்தில் எனக்கு அவன் பேச்சே வந்துவிட்டது.

முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னான்: "அடக்கி அடக்கி வுட்டேன் நைனா. ஒரு தபா இய்த்தா, பத்து எண்ற வரிக்கும் வுடாம வச்சுக்குவேன். பன்னெண்டுக்குக் கீழ வரலாம்னு பார்த்தேன்."

உங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூச்சை அடக்கினால் காற்று மிச்சமாகும். ஆனால் வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உடம்பிலேயே தங்கும். முதலில் தலைவலி. பிறகு புத்தி தடுமாறும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் போதாது. எனக்கும் அது தெரியும். அன்று சாயங்காலம் குறிப்பேட்டைப் பிரித்தேன். மாத்திரை கொடுத்த நாட்கள் ஒரு பக்கத்தில். லிட்டர் கணக்கு இன்னொரு பக்கத்தில். மாத்திரை கேட்ட ஐந்து நாளும் அவன் எண் அதுவரை இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. இரண்டையும் என் கையால்தான் எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்க்கவில்லை. வெயிலுக்குத் தலை வலிக்கிறது என்று மாத்திரையை எடுத்து நீட்டியிருக்கிறேன்.

குவாரியில் அன்று இன்னொன்றும் நடந்தது. தேவராஜைக் கைத்தாங்கலாக மேலே அழைத்துப் போக எழுந்தபோது, அந்தோணி என்னிடம், "சார், கணக்குப் போட்டீங்களா? யாருக்கு அதிகம்?" என்று கேட்டான். நான் போட்டிருந்தேன். அந்த நிலையிலும் மனதுக்குள் போட்டிருந்தேன். உள்ளே இருந்த நேரத்தில் அவன் செலவழித்தது நிமிடத்துக்கு முப்பத்தொன்று. தேவராஜுக்கு அதில் பாதிதான்.

"உனக்குத்தான்" என்றேன்.

அந்தோணி குனிந்து தேவராஜின் சிலிண்டர்களையும் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"டேய் மாமே, கீய வைடா. அசிங்கப்படுத்தாதே" என்றான் தேவராஜ்.

"தோத்தவன் தூக்கணும்லா? வாயை மூடிட்டு ஏறுலே."

நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினான். யாரையும் தொட விடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினான். பிறகு பின்கதவைத் திறந்து, தன் முழங்கையால் பலகையை அழித்தான்.

"எனக்கும்தான் சார் தலை வலிக்கும்" என்றான், என் பக்கம் திரும்பாமல். "நேத்து அந்தப் பன்னெண்டு புள்ளி நாலு, அது அடக்கினதுதான். நான் உங்ககிட்ட மாத்திரை கேக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

படித்தவன், பயிற்சி பெற்றவன், அதன் ஆபத்தை வகுப்பில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவன். அவனும் அடக்கியிருக்கிறான். அவனைப் பற்றி என் மதிப்பு அந்த இடத்தில் குறைந்திருக்க வேண்டும். கூடித்தான் போயிற்று. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாப் பழியும் தேவராஜின் தலையிலேயே நின்றிருக்கும்.

அன்று மூவரும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மூன்று இழுப்பு என்றால் வெளியே வந்துவிடலாம். எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கரையில் நிற்பவனும் கேட்கக் கூடாது. முக்கியமாகக் கரையில் நிற்பவன்.

மருத்துவர் ஐந்து நாள் ஓய்வு என்றார். அதிகாரியிடமிருந்து ஒரு நாளைக்கு நான்கு போன். பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருந்தது. அந்தோணி தனியாகப் போகிறேன் என்றான். தேவராஜ் விடவில்லை. "என் வேல அது. நான் உட்டுட்டு வந்தது" என்றான். கடைசியில் எட்டாம் நாள் அந்தக் கிராதியை அவனே அறுத்தான். அந்தோணி வளைவுவரை வந்து காத்திருக்க, இருபத்தாறு நிமிடத்தில் வேலை முடிந்தது. காற்று எவ்வளவு செலவழிந்தது என்று பார்த்தேன். பாதுகாப்புக்குப் பார்த்ததோடு சரி, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது எட்டாம் நாளை அல்ல. ஆறாம் நாளை.

ஆறாம் நாள் காலை தேவராஜ் முதல் முறையாக மீண்டும் உள்ளே போனான். கருவிகள் சரி. உடம்பு சரி. அன்று மேட்டில் அதிகாரி மட்டும் இல்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருபது முப்பது பேர் வந்து நின்றிருந்தார்கள். எண்ணினேன், இருபத்தேழு. பன்னிரண்டு மீட்டர் கயிறு போயிற்று. நின்றது. நான் இழுப்பதற்கு முன்பே அங்கிருந்து வந்தது: ஒன்று, இரண்டு, மூன்று.

மேலே வந்தான். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினான். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அதுக்குள்ளயா?" என்றார். இன்னொருவர் சிரித்தார். ஊரே மதிக்கும் டைவர், சொந்த ஊர் ஜனங்களுக்கு முன்னால், வேலையைத் தொடக்கூட இல்லாமல் திரும்பி வந்து நிற்கிறான். தேவராஜைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அவன் செய்து நான் பார்த்த வேலைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அந்தோணி எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். "பசிக்குதால?" என்றான்.

"பேயா பசிக்குது மாமே. இட்லி துன்னலாம் வா."

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பயமா? தலை வலித்ததா? கயிறு மாட்டிக்கொண்டதா? இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் காரணம் எழுதாத இடமே குறிப்பேட்டில் இல்லை. அந்த வரியில் நேரத்தை எழுதினேன், கயிற்றின் நீளத்தை எழுதினேன், பக்கத்துக் கட்டத்தை விட்டுவிட்டேன். இன்றுவரை அதில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அதிகாரி படியிறங்கி வந்துவிட்டார். குடையை மடக்கக்கூட இல்லை.

"ஏன் சார் வந்துட்டார்?"

"இன்னைக்கு இவ்வளவுதான் சார். ரெண்டு நாள் கழிச்சு வரோம்."

"அதான் ஏன்னு கேக்கறேன். மேல அத்தனை பேர் நிக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

தேவராஜ் ஒரு காலில் இருந்த துடுப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றாமல் கை வைத்தபடி குனிந்திருந்தான். அவன் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. காது கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"வந்துட்டான் சார்" என்றேன். "அதைச் சொல்லுங்க."